நாடாளுமன்றக் கேள்விகள்: அரசைப் பதில் சொல்ல வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.பி. அலுவலகங்களில் கேள்வி எழுதித் தருபவர்களுக்கும், செய்தியாளர்களுக்கும், தங்கள் ஊர்ப் பிரச்சினையை டெல்லி வரை கொண்டுபோக நினைக்கும் அமைப்புகளுக்கும் இந்தப் பக்கம். இங்கே சொல்லப்படுபவை மக்களவை, மாநிலங்களவை நடைமுறைகள். சட்டமன்றங்களுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. அடிப்படை ஒன்றுதான், கால வரம்பும் எண்ணிக்கையும் மாறும்.

கேள்வி நேரம் எப்போது நடக்கிறது?

மக்களவையில் காலை 11 முதல் 12 வரை. மாநிலங்களவையிலும் முன்பு அதே நேரம்தான். அமளியில் நாள்தோறும் வீணாகிறது என்று 2014 நவம்பரில் பகல் 12 மணிக்கு மாற்றினார்கள். அமளியும் 12 மணிக்கு நகர்ந்து வந்த நாட்கள் உண்டு.

கேள்விகளில் என்னென்ன வகை?

நடைமுறையில் இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார், அதன்மேல் துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரமிடாத கேள்விக்கு எழுத்தில் மட்டும் பதில் வரும், துணைக் கேள்வி கிடையாது. மக்களவையில் ஒரு நாள் பட்டியலில் 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமிடாத கேள்விகளும் இடம்பெறும். மாநிலங்களவையில் 15, 160.

அவசரப் பிரச்சினைக்குக் குறுகிய கால அறிவிப்புக் கேள்வி என்று ஒன்று விதிகளில் இருக்கிறது. அமைச்சர் சம்மதித்தால்தான் அது எடுத்துக்கொள்ளப்படும் என்பதால், அபூர்வமாகவே நடக்கிறது.

நட்சத்திரக் கேள்விதான் சிறந்ததா?

பலரும் அப்படி நினைக்கிறார்கள். தொலைக்காட்சியில் தெரிவது அதுதானே. ஆனால் 20 கேள்விகள் பட்டியலில் இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் வாய்மொழியாக எட்டப்படுவது பெரும்பாலும் நான்கைந்துதான். மீதி எல்லாம் எழுத்துப் பதிலாக அவையில் வைக்கப்பட்டுவிடும். பட்டியலில் 14-வது இடத்தில் இருக்கும் நட்சத்திரத்தை நம்பி உழைப்பைக் கொட்டுவது வீண்.

அரசின் வாயிலிருந்து எண்களை வரவழைக்க நட்சத்திரமிடாத கேள்விதான் உண்மையான கருவி. மாவட்டவாரியாக, ஆண்டுவாரியாக அட்டவணை கேட்டு வாங்கலாம். முதலில் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, அடுத்த கூட்டத்தொடரில் அந்த எண்களை வைத்தே நட்சத்திரக் கேள்வி போட்டால், அமைச்சர் தன் அமைச்சகத்தின் பழைய பதிலோடு மோத வேண்டியிருக்கும். தேர்ந்த உறுப்பினர்கள் இந்த வரிசையில்தான் போகிறார்கள்.

ஓர் உறுப்பினர் எத்தனை கேள்வி கொடுக்கலாம்? எப்போது கொடுக்க வேண்டும்?

மக்களவையில் ஒரு நாளுக்கு இரு வகையும் சேர்த்து ஐந்து, மாநிலங்களவையில் ஏழு. மக்களவை நட்சத்திரப் பட்டியலில் ஒரே நாளில் ஒருவருக்கு ஒரு கேள்விதான் வரும்.

குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன் அறிவிப்பு தர வேண்டும். கேள்வி கொடுத்த நாளும் பதில் வரும் நாளும் கணக்கில் சேராது. 18-ஆம் தேதி பதில் வேண்டுமென்றால் 2-ஆம் தேதிக்குள் கொடுத்திருக்க வேண்டும். புதிதாக வரும் உதவியாளர்கள் 3-ஆம் தேதி போய் நிற்பது வழக்கம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வாரத்தின் ஐந்து நாட்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. எந்த அமைச்சகமும் ஓர் அவையில் வாரத்துக்கு ஒருமுறைதான் பதில் சொல்லும். மூன்று வாரக் கூட்டத்தொடர் என்றால் ரயில்வேயிடம் கேட்க மூன்றே வாய்ப்பு. அதில் ஒன்று விடுமுறையில் விழுந்தால் இரண்டு. கூட்டத்தொடர் அறிவிப்பு வந்தவுடன் நாட்காட்டியில் அமைச்சக நாட்களைக் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

யார் கேள்வி பட்டியலில் வரும் என்று எப்படி முடிவாகிறது?

குலுக்கல். கட்சிபலம், அனுபவம் எதுவும் செல்லாது. ஒரே பொருளில் பலர் கேட்டிருந்தால் கேள்விகள் இணைக்கப்படும். நட்சத்திரக் குலுக்கலில் இடம் கிடைக்காத கேள்வி எழுத்துப் பதில் பட்டியலுக்குப் போக வாய்ப்புண்டு. ஆகவே துணைக் கேள்வி இல்லாமலேயே தனித்து நிற்கும்படி எல்லாக் கேள்வியையும் எழுதிவைப்பது நல்லது.

நல்ல கேள்வியை எப்படி எழுதுவது?

மக்களவையில் 150 சொற்கள், மாநிலங்களவையில் 100 சொற்கள் என்பது வரம்பு. ஒரு கேள்வி ஒரே பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும். வழக்கமான வடிவம் எல்லோருக்கும் தெரியும்: (அ) இப்படி நடப்பது உண்மையா, (ஆ) ஆம் எனில் விவரம், (இ) இல்லை எனில் காரணம். இந்த வடிவம்தான் மோசமான பதில்களின் பிறப்பிடம். (அ)-வுக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டால் (ஆ) தானாக 'கேள்வி எழவில்லை' ஆகிவிடும். ஒரே சொல்லில் மொத்தக் கேள்வியும் முடிந்தது.

தமிழ்நாட்டு மீனவர்கள் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். 'இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைத் தொடர்ந்து கைது செய்வது அரசுக்குத் தெரியுமா, தெரியுமெனில் எடுத்த நடவடிக்கை என்ன?' என்று கேட்டால், 'தெரியும். உயர்மட்ட அளவில் தொடர்ந்து எடுத்துச் சொல்லப்படுகிறது' என்று இரண்டு பத்தி வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்:

வெளியுறவுத் துறை அமைச்சர் கூறுவாரா:
(அ) 2020 முதல் இன்று வரை இலங்கை அதிகாரிகளால் கைது செய்யப்பட்ட தமிழ்நாட்டு மீனவர்களின் எண்ணிக்கை, ஆண்டுவாரியாக;
(ஆ) அதே காலத்தில் பிடிக்கப்பட்ட, விடுவிக்கப்பட்ட, நாட்டுடைமையாக்கப்பட்ட, ஏலம் விடப்பட்ட படகுகளின் எண்ணிக்கை, ஆண்டுவாரியாக;
(இ) 2016-இல் அமைக்கப்பட்ட மீன்வளக் கூட்டுப் பணிக்குழு இதுவரை கூடிய தேதிகள்;
(ஈ) படகுகளை விடுவிப்பது பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் இந்தியத் தரப்பு வைத்த கோரிக்கை என்ன?

இதில் ஆம், இல்லை என்று சொல்லித் தப்ப இடமில்லை. 'உண்மையா' என்ற சொல்லே கிடையாது. காலவரம்பு இருக்கிறது. படகுக் கணக்கு நான்காகப் பிரிக்கப்பட்டிருப்பதால், 'விடுவிக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்ற வாக்கியத்துக்குள் மீனவரின் கைக்குத் திரும்பாத படகுகளை ஒளிக்க முடியாது. தேதி கேட்பதற்கும் காரணம் உண்டு: 'அவ்வப்போது கூடுகிறது' என்று எழுதலாம், தேதிப் பட்டியல் கேட்டால் இடைவெளி வெளியே தெரியும்.

ஒரே எச்சரிக்கை. மிக அதிக விவரம் கேட்டால் 'தகவல் திரட்டுவதற்கான உழைப்பு பலனுக்கு ஈடாகாது' என்று கைவிரிக்க அமைச்சகத்துக்கு வழி கிடைக்கும். கிராமவாரியாகக் கேட்காதீர்கள், மாவட்டவாரியாகக் கேளுங்கள். இருபது ஆண்டு வேண்டாம், ஐந்து ஆண்டு போதும்.

எந்தக் கேள்விகள் நிராகரிக்கப்படுகின்றன?

ஏற்பதா வேண்டாமா என்பதில் மக்களவைத் தலைவர் அல்லது மாநிலங்களவைத் தலைவரின் முடிவே இறுதி. வாதம், கிண்டல், குற்றச்சாட்டு, அனுமானம் உள்ள கேள்வி நிற்காது. அரசின் கருத்தைக் கேட்பது, நடக்காததைக் கற்பனை செய்து கேட்பது, நீதிமன்ற விசாரணையில் இருப்பதைக் கேட்பது, ஏற்கெனவே பதில் வந்ததைத் திரும்பக் கேட்பது, அமைச்சரவை விவாதத்தைக் கேட்பது எல்லாம் விலக்கப்படும்.

தமிழ்நாட்டிலிருந்து போகும் கேள்விகள் அதிகம் அடிபடுவது வேறோர் இடத்தில். ஒன்றிய அரசின் பொறுப்பில் இல்லாத விஷயத்தைக் கேட்கக் கூடாது. சட்டம் ஒழுங்கு, காவல்துறை, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி ஆகியவை ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில் இருப்பவை. 'எங்கள் மாவட்ட மருத்துவமனையில் மருத்துவர் இல்லை' என்பது செல்லாது. 'தேசிய சுகாதாரத் திட்டத்தின் கீழ் அந்த மாவட்டத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு' என்பது செல்லும். ஒன்றிய அரசின் பணம், சட்டம், நிறுவனம், ஒப்புதல் இவற்றில் ஒன்று எங்கே தொடுகிறது என்று தேடி, அந்த நூலைப் பிடித்து எழுதுங்கள்.

கேள்வி போன பிறகு அமைச்சகத்தில் என்ன நடக்கிறது?

நாடாளுமன்றப் பிரிவு என்று ஒவ்வோர் அமைச்சகத்திலும் ஒரு சிறு அலுவலகம் இருக்கும். அங்கே கேள்வி வந்ததும் முதல் வேலை, 'இது நம்முடையதா?' என்று பார்ப்பது. முடிந்தால் வேறு அமைச்சகத்துக்குத் தள்ளிவிடுவார்கள். இரண்டு துறைகளைத் தொடும் கேள்வி இந்தத் தள்ளுமுள்ளில் மெலிந்துபோகும். தன் கேள்வி எந்த அமைச்சகத்தின் பணிப் பங்கீட்டில் வருகிறது என்று முன்கூட்டியே பார்த்து, சரியான பெயரில் அனுப்பினால் இது நேராது.

பிறகு பிரிவு அலுவலர் வரைவு எழுதுவார், இணைச் செயலர் வழியாக மேலே போய் அமைச்சர் ஒப்புதல் தருவார். நட்சத்திரக் கேள்வியென்றால் துணைக் கேள்விகளுக்கான குறிப்பேடு ஒன்றும் தயாராகும். எதையெல்லாம் கேட்கக்கூடும் என்று அதிகாரிகளே யோசித்து எழுதிய பதில்கள் அதில் இருக்கும். அவையில் அமைச்சர் தடித்த கோப்பைப் புரட்டுவது அதைத்தான். அதிகாரிகளின் கேலரியிலிருந்து சீட்டு வருவதும் உண்டு.

வந்த பதிலை எப்படிப் படிப்பது?

எது சொல்லப்படவில்லை என்று பாருங்கள். '(அ) முதல் (ஈ) வரை:' என்று தொடங்கி ஒரே பத்தியில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் வந்தால் சந்தேகப்படுங்கள். நான்கில் எதற்குப் பதில் இல்லை என்பதை மறைக்க இதைவிட எளிய வழி கிடையாது. கேள்வியை ஒரு பக்கமும் பதிலை மறுபக்கமும் வைத்து, ஒவ்வோர் உட்பிரிவுக்கும் நேரே பதிலைக் குறித்துப் பாருங்கள். காலியாக நிற்கும் கட்டம்தான் அடுத்த கேள்வி.

அடுத்தது, 'அத்தகைய தரவு பராமரிக்கப்படுவதில்லை'. 2020 செப்டம்பரில், ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றிய கேள்விக்குத் தொழிலாளர் அமைச்சகம் இந்தப் பதிலைத்தான் தந்தது. கேட்டவருக்கு எண் கிடைக்கவில்லை. ஆனால் அரசு எண்ணவே இல்லை என்ற ஒப்புதல் எழுத்தில் கிடைத்தது, அது நாடு முழுவதும் பேசப்பட்டது. சில சமயம் 'தரவு இல்லை' என்பதே பதில்களில் கனமானது.

மூன்றாவது, அடைமொழி. 2021 ஜூலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த மரணங்கள் பற்றி மாநிலங்களவையில் கேட்டபோது, அப்படி எந்த மரணமும் மாநிலங்களால் 'குறிப்பாகத் தெரிவிக்கப்படவில்லை' என்றது சுகாதார அமைச்சகம். மரணம் நிகழவில்லை என்று அது சொல்லவில்லை. அந்தத் தலைப்பில் மாநிலங்கள் அனுப்பவில்லை என்றது. அப்படியானால் அடுத்த கேள்வி என்னவாக இருக்க வேண்டும்? மாநிலங்களிடம் அந்தத் தகவலைக் கேட்டு அனுப்பிய கடிதத்தின் தேதி என்ன, எந்தப் படிவத்தில் கேட்கப்பட்டது, எந்தெந்த மாநிலங்கள் பதில் அனுப்பின?

துணைக் கேள்வி கேட்பதில் என்ன தவறு நடக்கிறது?

கேள்வியின் சொந்தக்காரருக்கு இரண்டு துணைக் கேள்விகள். மற்றவர்களுக்கு அவைத்தலைவர் அனுமதித்தால் ஆளுக்கு ஒன்று. இந்த அரிய வாய்ப்பைப் பெரும்பாலோர் முன்னுரையிலேயே கரைத்துவிடுகிறார்கள். தொகுதியின் பெருமை, தலைவருக்கு நன்றி, பிறகு மூன்று கேள்விகளை ஒன்றாகக் கோத்து வீசுவது. அமைச்சர் மூன்றில் எளிதானதைப் பொறுக்கிப் பதில் சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

அவையில் வைக்கப்பட்ட பதிலிலிருந்தே ஒரு வரியை எடுத்து, ஒரே கேள்வியாக, அரை நிமிடத்தில் கேட்பது பலன் தரும். 'உங்கள் அட்டவணையில் மூன்றாம் ஆண்டுக்கு ஒதுக்கீடு இருக்கிறது, செலவு பூஜ்யம். ஏன்?' குறிப்பேட்டில் இதற்குப் பதில் இருக்காது. இரண்டாவது துணைக் கேள்வியை முன்பே எழுதிவைக்காதீர்கள். முதல் பதிலைக் கேட்டுவிட்டு அதிலிருந்து பிடியுங்கள்.

அவையில் இருக்கவும் வேண்டும். 2009 நவம்பரில் ஒரு நாள், பட்டியலில் பெயர் இருந்த உறுப்பினர்கள் பலர் வராததால் மக்களவையில் கேள்வி நேரமே பாதியில் முடிந்துபோனது.

'தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்' என்றால் அவ்வளவுதானா?

இல்லை, அங்கேதான் பிடி கிடைக்கிறது. இப்படிப்பட்ட வாக்கியங்கள் அரசின் உறுதிமொழியாகக் கருதப்படும். 'பரிசீலனையில் உள்ளது', 'ஆராயப்படும்', 'விசாரித்துத் தகவல் தரப்படும்' என்று எந்தெந்தச் சொற்றொடர் உறுதிமொழியாகும் என்பதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். இதைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1972 முதலும் அரசு உறுதிமொழிக் குழுக்கள் இயங்குகின்றன. துறைச் செயலரை நேரில் அழைத்து ஏன் நிறைவேற்றவில்லை என்று கேட்க இந்தக் குழுக்களால் முடியும்.

இதை அறிந்த அதிகாரிகள் உறுதிமொழியாகிவிடாத சொற்களைத் தேடி எழுதுகிறார்கள். 'இது தொடர்ச்சியான செயல்முறை' என்பது அவர்களுக்குப் பிடித்தமானது. யாரும் எதற்கும் கட்டுப்படாத வாக்கியம். அப்படி வந்தால், அடுத்த முறை இலக்குத் தேதியைக் கேளுங்கள்.

பதில் தவறாகவோ போதாததாகவோ இருந்தால்?

போதாவிட்டால், மக்களவையில் அரைமணி நேர விவாதத்துக்கு மூன்று நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்கலாம். பதிலில் எந்த அம்சத்துக்கு விளக்கம் தேவை என்று ஒரு குறிப்பும் சேர்க்க வேண்டும். நேரம் ஒதுக்கக் கிடைப்பது அரிது. ஆனாலும் கொடுத்துவைப்பதால் நஷ்டமில்லை.

பிழையென்றால், மக்களவைத் தலைவரின் 115-ஆம் வழிகாட்டுதலின் கீழ் அதைச் சுட்டிக்காட்டி எழுதலாம். தன் பதிலைத் தானே திருத்தி அமைச்சர் அறிக்கை வைப்பதும் உண்டு. வேண்டுமென்றே அவையைத் திசைதிருப்பினார் என்றால் உரிமை மீறல் நோட்டீஸ். ஆனால் 'வேண்டுமென்றே' என்பதை நிரூபிப்பது மிகக் கடினம். 2018 டிசம்பரில், கட்சிகளுக்கு நன்கொடை தரும் தேர்தல் பத்திரங்கள் பற்றித் தேர்தல் ஆணையம் கவலை எதுவும் தெரிவிக்கவில்லை என்று அப்போதைய நிதித்துறை இணை அமைச்சர் பொன். இராதாகிருஷ்ணன் மாநிலங்களவைக்குப் பதில் தந்தார். 2017 மே மாதமே ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியிருந்தது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி (ஆர்.டி.ஐ.) பெற்ற ஆவணங்களில் பிறகு வெளிவந்தது. கேள்வி கேட்ட உறுப்பினர் நதிமுல் ஹக் உரிமை மீறல் நோட்டீஸ் கொடுத்தார். அமைச்சர் பதவி போகவில்லை. ஆனால் பதிலும் ஆவணமும் முரண்படுவது அதிகாரபூர்வ ஏட்டிலேயே தங்கிவிட்டது.

ஒரு கேள்வியால் அமைச்சர் பதவி இழந்ததுண்டா?

உண்டு, அதிலும் சென்னைக்காரர். முந்த்ரா விவகாரம். 1956-இல் தேசியமயமான ஆயுள் காப்பீட்டுக் கழகம், தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாயைப் போட்டது. 1957 செப்டம்பரில் மக்களவை உறுப்பினர் ராம் சுபக் சிங் இதைப் பற்றிக் கேட்டார். மழுப்பலான பதில் வந்தது. நவம்பரில் மறுபடி கேள்வி வந்தது. இம்முறை துணைக் கேள்விகளோடு பெரோஸ் காந்தி எழுந்தார். பதில்களில் இருந்த இடைவெளியே டிசம்பரில் விவாதமாக வெடித்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா விசாரித்தார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் விலகினார்.

கேட்ட இருவரும் ஆளும் காங்கிரஸ்காரர்கள். பெரோஸ் காந்தி பிரதமரின் மருமகன். இன்று ஆளுங்கட்சி உறுப்பினர்களின் கேள்விகளில் கணிசமானவை அமைச்சர் தன் சாதனையைப் பட்டியலிட மேடை போட்டுக் கொடுப்பவை. அவற்றையும் ஒதுக்கிவிடாதீர்கள். பெருமைக்காக வெளியிட்ட அட்டவணையில்தான் பல நேரம் எதிர்த்தரப்புக்குத் தேவையான எண் கிடைக்கிறது.

பிரதமரிடம் நேரடியாகக் கேட்க முடியுமா?

பிரிட்டனில் புதன்கிழமைதோறும் பிரதமர் அரை மணி நேரம் நின்று பதில் சொல்கிறார். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. அணுசக்தி, விண்வெளி, பணியாளர் நலன் போன்று பிரதமர் வசம் உள்ள துறைகளுக்குக் கேள்வி கொடுக்கலாம். வழக்கமாக இணை அமைச்சர்தான் பதில் சொல்வார்.

பூஜ்ய நேரத்தில் எழுப்பினால் போதாதா?

பூஜ்ய நேரம் என்பது உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை அவையில் எழுப்பும் நேரம். கேள்வி நேரத்தில் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். பூஜ்ய நேரத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. தொகுதியில் பரப்பக் காணொலி வேண்டுமென்றால் பூஜ்ய நேரம். எழுத்தில் பதில் வேண்டுமென்றால் கேள்வி.

கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரங்கள்?

1951-லேயே எச்.ஜி. முட்கல் மீது அவை நடவடிக்கை எடுத்தது. வெளியேற்றும் தீர்மானத்துக்கு முன்பே அவர் விலகினார். 2005 டிசம்பரில் ரகசியக் கேமராவில் சிக்கிய 11 எம்.பி.க்கள் (மக்களவையில் 10, மாநிலங்களவையில் 1) வெளியேற்றப்பட்டார்கள். அது செல்லும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 டிசம்பரில் மக்களவை உறுப்பினர் மஹுவா மொய்த்ரா, கேள்வி பதிவேற்றும் இணையக் கணக்கின் கடவுச்சொல்லைப் பகிர்ந்த விவகாரத்தில் நெறிமுறைக் குழு அறிக்கையின்பேரில் வெளியேற்றப்பட்டார். பணம் வாங்கியதாகச் சொன்னதை அவர் மறுத்தார். 2024-இல் மீண்டும் வென்று வந்தார். அலுவலகங்களுக்கு இதில் நடைமுறைப் பாடம் ஒன்று: வெளியாட்கள் கேள்வி வரைந்து தரலாம், பதிவேற்றும் கணக்கு உறுப்பினரின் கட்டுப்பாட்டைவிட்டுப் போகக் கூடாது.

தமிழில் கேட்கலாமா?

துணைக் கேள்வியைத் தமிழில் கேட்கலாம். உடனடி மொழிபெயர்ப்பு உண்டு, முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. எழுத்துமூல அறிவிப்பு ஆங்கிலத்திலோ இந்தியிலோ போகிறது, பதிலும் அப்படியே வரும். எண்களையும் திட்டப் பெயர்களையும் மெதுவாகச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பில் முதலில் தொலைவது அவைதான்.

எம்.பி. அல்லாதவர்கள் இதை எப்படிப் பயன்படுத்துவது?

நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் அமைச்சகம், உறுப்பினர், தேதி வாரியாகத் தேடி எல்லாப் பதில்களையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு பிரச்சினையை எடுத்தால் முதலில் கடந்த ஐந்தாண்டுப் பதில்களைத் திரட்டுங்கள். ஒரே அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது, எந்த ஆண்டிலிருந்து ஒரு நெடுவரிசை காணாமல்போகிறது என்று பாருங்கள்.

பிறகு எம்.பி. அலுவலகத்துக்குப் போங்கள். ஆறு பக்க மனுவை யாரும் படிப்பதில்லை. 100 சொற்களில், உட்பிரிவுகளோடு, அமைச்சகத்தின் பெயரும் அதன் பதில் நாளும் குறித்து, ஏற்கெனவே வந்த பதிலின் எண்ணையும் இணைத்துக் கொடுத்தால் அன்றே பதிவேற்றிவிடுவார்கள். உங்கள் தொகுதி உறுப்பினர்தான் கேட்க வேண்டும் என்றில்லை. அந்தத் துறையில் ஆர்வமுள்ள எந்த உறுப்பினரையும் அணுகலாம். ஆளும், எதிர்த்தரப்பு இருவரிடமும் ஒரே கேள்வியைக் கொடுத்துவைத்தால் குலுக்கலில் வாய்ப்பு கூடும்.

ஆர்.டி.ஐ. இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆர்.டி.ஐ.யில் கோப்பின் நகலே கிடைக்கும், ஆனால் பதில் ஒரு தகவல் அலுவலரின் பதில். நாடாளுமன்றப் பதில் அமைச்சரின் பெயரில் வருகிறது. பிழையானால் அவர்தான் பொறுப்பு. இரண்டையும் ஜோடியாகப் போடுவது நல்லது: அவையில் அமைச்சர் என்ன சொன்னார் என்பதை வாங்கிவிட்டு, அந்தப் பதிலைத் தயாரித்த கோப்பின் குறிப்புகளை ஆர்.டி.ஐ.யில் கேளுங்கள்.